சாந்து அரைக்கும் கைகள்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில்காரர்களுக்குக் கட்டடம் என்றால் கல். எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த பர்வதகிரீசுவரர் கருவறையும், பிற்காலத்தில் அதன் முன் எழுந்த, குதிரைகள் இழுக்கும் தேர் வடிவ மண்டபமும் எங்கள் ஊரின் அடையாளம். ஆனால் இன்று கீரனூர் வழியாகத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்து ஆண்களும் பெண்களும் தொடுவது சிமென்ட்டைத்தான். கொத்தனாராகவும் சித்தாளாகவும் வருடக்கணக்கில் உழைப்பவர்கள்கூட, சிமென்ட் வருவதற்கு முன்பு செங்கல்லைச் செங்கல்லோடு பிடித்து வைத்தது எது என்பதைக் கையால் அறிந்ததில்லை. அதை அறிந்தவர்களைப் பார்க்கத்தான் தரங்கம்பாடிக்குப் போனேன்.

ஊருக்குள் நுழையும்போதே, டென்மார்க் அரச முத்திரையோடு 1792-இல் கட்டிய வாசல் எதிர்ப்படும். அதைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால், 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-இல் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடைசியில் கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி தொடங்கிய கோட்டை இது. மிளகுக்கும் துணிக்குமாக வந்தவர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பின் வணிகம் தேய்ந்தது. பெரிய வளர்ச்சி எட்டிப் பார்க்காததால் பழைய தெருக்கள் பெருமளவு அப்படியே தங்கின.

இந்த வரலாறு பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. தளபதிகள், பாதிரியார்கள், அரசர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. செங்கல் அடுக்கியவருக்கும் சாந்து அரைத்தவருக்கும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலைச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழ்நாடு அரசும் இங்கே பழைய கட்டடங்களைச் சீரமைத்தபோது, தேடிப்போக வேண்டியிருந்தது இவர்களைத்தான்.

நான் போன நேரம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர். புதுக்கோட்டை என்றதும் முகம் மலர்ந்து, “வாங்க தம்பி, நம்ம பக்கம்தான்” என்று நேராகச் சுண்ணாம்புத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் கிளிஞ்சலில் தொடங்குகிறது. கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் அள்ளும் கிளிஞ்சலைக் கழுவி, கரியோடு அடுக்கிச் சூளையில் சுடுகிறார்கள். வெப்பம் 900 டிகிரியைத் தொடும்போது கிளிஞ்சலுக்குள் இருக்கும் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) வெளியேறிவிடும். எடையில் ஏறக்குறைய 44 விழுக்காடு அப்படியே காற்றோடு போய்விடும். உருவம் மாறாமல், எடை மட்டும் குறைந்து வெளியே வருவதுதான் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றியதும் தொட்டி கொதிக்கிறது. அடுப்பே இல்லாமல் ஆவி பறக்கிறது. இதுதான் நீற்றுதல். பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

நீற்றிய சுண்ணாம்பை உடனே எடுத்துப் பூச முடியாது. தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய் போல வழவழப்பாகும். நீறாமல் எங்காவது ஒரு துணுக்கு தங்கிவிட்டால், பூசிய பிறகு சுவருக்குள் உப்பி, மேற்பூச்சைத் தெறிக்க வைத்துவிடும். ஊறியதை மணலோடு சேர்த்து அரைப்பது அடுத்த கட்டம். முன்பு வட்டமான கல் பள்ளத்தில் மாடு இழுக்கக் கல் உருளை சுற்றும். இப்போது மோட்டார் சுற்றுகிறது. வேறொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிப் புளித்துக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரைச் சாந்தில் சேர்த்தால் பிடிப்பு கூடும், வெடிப்பு குறையும்.

சுவரில் ஏறும்போது ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட நயமாக இருக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்குச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் ஈரம் காயக் காயத் தேய்க்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் முகம் தெரியும் பளபளப்பு இப்படி வருவதுதான். “சிமென்ட்டு விடியறதுக்குள்ள இறுகிடும் தம்பி. சுண்ணாம்பு நம்மளக் காக்க வைக்கும்” என்றார் மேஸ்திரி. சூளையில் இழந்த கரிவளியைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கித்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. அந்த வேதிவினையை அவர் அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார். வெயில் விழும் சுவரில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்ததும் அவசரப்பட்டுக் காய்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

கடற்கரையில் இந்த நிதானத்துக்குப் பெரும் பொருள் உண்டு. தரையிலிருந்து செங்கல் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் வழி அடைபடுகிறது. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. வெளியே சுவர் புதிதாகத் தெரியும்போதே உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். அந்த வீட்டிலேயே அதைக் கண்டேன். யாரோ எப்போதோ பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது, பின்னாலிருந்த செங்கல் விரல் பட்டதும் மாவாகக் கொட்டியது.

மாடியில் பெண்கள் தளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிய மெட்ராஸ் டெரஸ். வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்கிறார்கள். இது ஒரு நாளில் முடியாது. தளம் இறுகி, கட்டை பட்ட இடத்தில் தடம் விழாமல் துள்ளும்வரை அடிக்க வேண்டும். “சத்தம் மாறும் பாருங்க, அப்பத்தான் தட்டோடு பதிக்கலாம்” என்றார் அவர்களில் மூத்தவர். பொத்தென்று விழும் ஓசை எப்போது கணீரென்று மாறுகிறது என்பதை அவர்தான் சொல்கிறார். அவர் சொல்லும்வரை கொத்தனார் ஓடு பதிப்பதில்லை. அப்படிப்பட்டவருக்குக் கூலி என்னவென்று கேட்டேன். சித்தாள் கூலிதான்.

அவர் கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகள், வெடித்த தோல். மாலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதுதான் மருத்துவம். கையுறை போட்டால் கட்டை நழுவுகிறது என்றார். நழுவாத கையுறையை வாங்கித் தருவது அவருடைய வேலை இல்லை. வேலை கொடுப்பவரின் கடமை.

மேஸ்திரியின் மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். தொழிலைக் கற்க வருவோர் குறைவு. காரணம் சோம்பல் இல்லை. சுண்ணாம்பு வேலை தொடர்ந்து கிடைப்பதில்லை. ஒரு சீரமைப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் சிமென்ட் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தவிர, ஒப்பந்தங்கள் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகின்றன. சுண்ணாம்பு ஊறும் வாரங்களுக்கும் பூச்சு காயும் நாள்களுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. நேரத்துக்கு விலை வைக்காத மதிப்பீடு, சிமென்ட்டை நோக்கியே தள்ளும்.

கடற்கரையில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டென்மார்க்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த கோவில் அது. கடலோரத்தில் எந்தக் கட்டடமும் தானாக நிற்பதில்லை. தலைமுறை தோறும் யாராவது பழுது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். அந்த யாரோ இல்லாமல் போனால், எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் கோட்டை கோட்டையாக இருக்காது.

இது தரங்கம்பாடியோடு முடியும் விஷயமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. சமஸ்தான காலத்துக் கட்டடங்களும், சுதைச் சிற்பம் தாங்கிய கோபுரங்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதே சாந்துதான், இதே கைகள்தான் வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து தினமும் பேருந்து ஏறும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இதைப் பாடமாகக் கற்பிக்கலாம், இந்த மேஸ்திரியைப் போன்றவர்களையே ஆசிரியர்களாக வைத்து. தளம் அடிக்கும் பெண்ணின் வேலையைத் தனித் தொழிலாகப் பட்டியலில் எழுதி, கைத்திறனுக்கான கூலியைத் தரலாம். பழைய கட்டடங்களுக்கான மதிப்பீட்டில் ஊறும் நாள்களையும் காயும் நாள்களையும் சேர்க்கலாம். பாரம்பரியத்தைக் காக்க ஒதுக்கும் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தத் தொழிலாளிகளின் வீடு.