சபாஷ் சொல்ல ஒரு சபை



சென்ற வாரம் விழுப்புரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டியைக் காணச் சென்றிருந்தேன். நம் திண்டிவனம் சபைப் பிள்ளை ஒருவனும் அதில் பங்கேற்றான். இயந்திரம் ஓடுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் அமர்ந்தேன். அவன் செய்த வண்டி பாதி வழியில் நின்றபோது அரங்கமே அமைதியாயிற்று. அவன் அதை எடுத்து மீண்டும் தொடக்கக் கோட்டில் வைத்தான். அது அசைந்து புறப்பட்டபோது எதிர் அணியின் பெற்றோரும் கைதட்டினர்.

ஆசிய பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்கள் மோதும் 'ரோபோகான்' போட்டியை நீங்கள் அறிந்திருக்கலாம். 2002-ல் டோக்கியோவில் தொடங்கிய அப்போட்டி, 2014-ல் நம் தேசத்தின் புனே நகரில் நடந்தது. பெற்றோரைக் கனப்படுத்துவதே அவ்வாண்டின் கருப்பொருள். மாணவர் இயக்கும் பெற்றோர் ரோபோ, தானாக இயங்கும் பிள்ளை ரோபோவைச் சுமந்து சென்று, ஊஞ்சல் முதலியவற்றில் விளையாடச் செய்ய வேண்டும். ஆட்டத்திற்கு 3 நிமிடங்கள். எல்லாவற்றையும் முடித்து அடையும் வெற்றிக்கு 'ஷாபாஷ்' என்று பெயரிட்டிருந்தனர்.

இத்தகைய போட்டி நம்மைக் கட்டிப்போடுவது ஏன்? நோக்கம் எல்லாருக்கும் விளங்குகிறது, நேரமோ குறுகியது, தவறு கண்முன்னே நிகழ்கிறது. கடிகாரம் நிற்பதில்லை, ஆயினும் தவறியவருக்கு மறுமுயற்சி மறுக்கப்படுவதில்லை. ஆகவே விழுந்தது எழும்புமா என்று நாம் இருக்கையின் நுனியில் காத்திருக்கிறோம்.

எபிரெயர் 12:1 நம் ஓட்டத்தைச் சூழ்ந்துள்ள திரளான சாட்சிகளைக் குறித்துப் பேசுகிறது. ஓசியா 11:3-ல் தேவன், பிள்ளைக்கு நடை பழக்கும் தகப்பனாய்க் காணப்படுகிறார்.

பிரியமானவர்களே, ஒன்றை அறிக்கையிடுகிறேன். தேர்வில் தவறிய வாலிபன் ஒருவன் ஆராதனைக்கு வந்தபோது, ஆலய வாசலில் நான் முதலில் கேட்டது அவனுடைய மதிப்பெண்ணைத்தான். அடுத்த ஞாயிறு முதல் அவன் வரவில்லை. முன்பின் அறியாதவரின் பிள்ளைக்கு அந்த அரங்கம் தந்த கைதட்டலை, நம் சொந்தப் பிள்ளைக்கு நான் தரவில்லை. இவ்வாரம் அவன் வீட்டிற்குச் செல்கிறேன். நீங்களும் உங்கள் தெருவில் பாதி வழியில் நின்றுபோன ஒருவரைத் தேடிச் செல்வீர்களா?

ஜெபம்: எங்களைச் சுமந்துவருகிற பிதாவே, விழுந்தவர்களை எண்ணிக் கணக்கிடாமல், அவர்கள் எழும்பும்வரை அருகில் நிற்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.