ஷாஹிபாகின் பெரிய தோட்டம்

அகமதாபாத் மணிநகரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் தமிழர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள். விடியற்காலையில் ஒரு மில்லின் சங்கு ஊதினால் போதும், அடுத்தடுத்த மில்களும் வரிசையாக ஊதும். அப்பா தறி ஓட்டினார். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆயா ஈரத்துணியால் துடைத்துவிட்டபிறகுதான் காப்பி.

எங்கள் வீட்டுப் பேச்சில் 'ரிட்ரீட்' என்ற பெயர் அடிக்கடி அடிபடும். கேலிகோ மில் முதலாளிகளான சாராபாய் குடும்பத்தின் தோட்டவீடு அது. கோட்டை மதிலுக்கு வடக்கே, சபர்மதிக் கரையில் ஷாஹிபாகில் இருக்கிறது. ஷாஜகான் பட்டத்துக்கு வருமுன் குஜராத்தின் சுபேதாராக இருந்தபோது மாளிகையும் தோட்டமும் அமைத்த பகுதி. 1878-ல் பதினேழு வயது தாகூர், ஜட்ஜாக இருந்த அண்ணனோடு தங்கியது அந்த மாளிகையில்தான். போள் என்கிற சந்துகளில் சுவரோடு சுவராக வாழ்ந்த பணக்காரக் குடும்பங்கள் பிற்பாடு ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் குடிபோயின. இன்று ஊருக்கு நடுவில் இருப்பது, அன்று அவர்களுக்குக் கிராமம். அம்பாலால் சாராபாயின் தோட்டம் மட்டும் ஏறக்குறைய 20 ஏக்கர்.

அப்பா அந்த வீட்டுக் கதையை எப்போதும் 1918-ல்தான் ஆரம்பிப்பார். மில் முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பக்கம் காந்தியோடு நின்றவர் அம்பாலாலின் அக்கா அனசூயா. முதலாளிகள் கூலியை 20 சதவீதம் கூட்டித் தருவோம் என்றார்கள். காந்தி 35 என்று நிறுத்தினார், அதற்காக மூன்று நாள் சாப்பிடாமலும் இருந்தார். கடைசியில் அந்த 35-தான் நின்றது. அக்காவும் தம்பியும் இதற்காக முகம் திருப்பிக்கொள்ளவில்லை என்பதை அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார். தொழிலாளர்கள் அனசூயாவை மோட்டாபென் என்றார்கள். எங்கள் ஆயா 'பெரியக்கா' என்றே சொல்வாள், ஏதோ ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

1980-களின் நடுவில் ஒருநாள், இரவு ஷிப்டு முடித்துவந்த அப்பா தூங்காமலே எங்களைக் கூட்டிப்போனார். கேலிகோ துணி அருங்காட்சியகம் 1983-ல் ரிட்ரீட் வளாகத்துக்கு வந்துவிட்டிருந்தது. லால் தர்வாஜாவில் பஸ் மாறி, ஷாஹிபாக் அண்டர்பிரிட்ஜ் பக்கம் இறங்கினோம். வாசலைத் தாண்டியதுமே வெயில் காணாமல் போயிற்று. அவ்வளவு மரங்கள். மயில்கள் கோழிபோல நடமாடின.

அந்த வீட்டின் எட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடமே தோட்டத்துக்குள்தான் என்று அப்பா சொன்னார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அம்பாலாலும் சரளாதேவியும் மாண்டிசோரி முறையைப் பின்பற்றி, வெளிநாட்டிலிருந்துகூட ஆசிரியர்களை வரவழைத்தார்கள். அந்த எட்டில் ஒருவர் விக்ரம் சாராபாய். சிறுவனாக இருக்கும்போதே வீட்டுப் பட்டறையில் ஓடக்கூடிய ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்தவர். வளாகத்துக்குள்ளேயே மனோரமா சாராபாய்க்காக லெ கார்பூசியே கட்டிய வீட்டில், மாடியிலிருந்து நேரே நீச்சல்குளத்தில் விழுகிற சறுக்கு உண்டு. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கேட்டதே எனக்குப் பல நாள் கனவுக்குப் போதுமாக இருந்தது.

துணி அறைகளில் வெளிச்சம் மிகக் குறைவு, சாயம் வெளுத்துவிடாமலிருக்க. இப்படி ஒரு அருங்காட்சியகம் வேண்டுமென்று 1940-களில் கௌதம் சாராபாயிடம் யோசனை சொன்னவர் ஆனந்த குமாரசாமி. கௌதமும் தங்கை கீராவும் 1949-ல் அதைத் தொடங்கினார்கள். தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளைக் கண்டதும் ஆயா செருப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டாள். அப்பா பாடண் படோலாப் புடவை முன்னால் நின்றவர் நகரவேயில்லை.

"இதுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம்னு கெடையாதுடா. பாவுலயும் கட்டிச் சாயம், ஊடைலயும் கட்டிச் சாயம். அதுக்கப்புறம்தான் தறியில ஏத்துறான். ஒவ்வொரு ஊடையும் பாவோட பூவுல சரியா வந்து ஒக்காரணும்."

இழை விலகினால் ஊசியால் தள்ளித்தள்ளிச் சரிசெய்வார்கள், ஒரு புடவைக்கு மாதக்கணக்காகும் என்றார். சொல்லும்போது அவருடைய வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அறுந்த இழையை முடிச்சிடுவது போலத் தாமாகவே அசைந்தன.

வெளியே வரும்போது, சுற்றிக்காட்டியவரிடம் குஜராத்தியில் கேட்டார்: "மில் துணி எங்கே இருக்கு?" அவர், "எல்லாம் கைத்தறி, பாயீ" என்றார் பணிவாக. பஸ்ஸில் வீடுவரை அப்பா எங்களுக்கு மில் துணிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்: மல், பாப்ளின், டிரில், வேட்டி, எதற்கு எந்த நம்பர் நூல், எதில் இழை அதிகம் அறுபடும்.

சில வருடங்களில் அப்பாவின் மில் மூடியது. 90-களில் கேலிகோவும். அந்தத் தோட்டத்தையும் அதிலுள்ள துணிகளையும் இவ்வளவு கவனமாகக் காப்பாற்றியவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அப்பா கேட்டது நியாயம். இதையெல்லாம் வாங்கிச் சேர்த்த பணம் மில் துணியில் வந்தது. படோலாவுக்குப் பக்கத்தில், ஓரத்தில் மில் முத்திரை குத்திய ஒரு வேட்டியும் இருக்க வேண்டும், நெய்தவரின் பெயரோடு.