இடைவெளியைப் பார்

மாணவப் பருவத்தை நினைவுகூர்ந்து எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, என் உள்ளத்தில் முதலில் தோன்றியது பரிசளிப்பு விழாவன்று. நான் பிழையாகச் செய்த ஓர் அட்சரகணிதக் கணக்கேயாகும்.

1961ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது இது: யாழ்ப்பாணத்திலிருந்து காலை 6 மணிக்கு ஒரு புகையிரதம் மணிக்கு 30 மைல் வேகத்திற் புறப்படுகின்றது. அநுராதபுரத்திலிருந்து 7 மணிக்கு மற்றொன்று 15 மைல் வேகத்தில் எதிரே வருகின்றது. இடைத்தூரம் 120 மைல். இரண்டும் எப்போது சந்திக்கும்?

'ஒரே திசையாயிற் கழி, எதிர்த்திசையாயிற் கூட்டு' என்ற விதியை மனனஞ் செய்திருந்த யான், பதற்றத்தில் அதனை மாற்றிவிட்டேன். 30இலிருந்து 15ஐக் கழித்து, 120ஐ 15ஆல் வகுத்து, 8 மணித்தியாலம் என எழுதினேன்.

"தம்பி, உமது வண்டி 4 மணித்தியாலத்தில் அநுராதபுரத்தை அடைந்துவிடுமே! பிறகு யாரைச் சந்திக்கப் போகின்றது?" என்றார் ஆசிரியர். வகுப்புச் சிரித்தது. கணிதம் எனக்கு வாராது என்று அக்கணமே முடிவு கட்டினேன்.

அவர் பிரம்பை எடுக்கவில்லை. என்னையும் நண்பன் ஒருவனையும் விறாந்தையின் இரு அந்தங்களில் நிறுத்தி, எதிரெதிரே நடக்கச் செய்தார். "ஆளைப் பாராதீர், இடைவெளியைப் பாரும். ஒரு வீச்சில் எத்தனை அடி குறைகின்றது?" என்றார். இரண்டு அடி. பின்னர் நண்பனை ஒவ்வோரடியாக முன்னே நடக்கவிட்டு, என்னை இவ்விரண்டடியாகத் துரத்தச் சொன்னார். இப்போது குறைந்தது ஓரடியே. விதி மறந்தது, விளக்கம் பிறந்தது.

முதல் மணித்தியாலத்தில் ஒரு வண்டி தனியே 30 மைல் செல்லும், எஞ்சுவது 90. அதன்பின் இடைவெளி மணிக்கு 45 மைலாகக் குறையும். ஆகவே சந்திப்பு 9 மணிக்கு.

"சேர், ஒரே தண்டவாளமாயிற்றே, மோதிவிடாவோ?" என்று துணிந்து வினவினேன்.

"சந்திக்கும் நேரத்தை அட்சரகணிதம் சொல்லும், வழிவிடுவதை நிலைய அதிபர் பார்த்துக்கொள்வார்" என்று நகைத்தார்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. இருபத்துநான்கு ஆண்டுகள் அக்கணக்கின் முதல் வண்டி புறப்படவேயில்லை. 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கிய பின் ஒருநாட் பயணஞ் செய்தேன். வன்னியில் ஒரு சிறு நிலையத்தில் எம் வண்டி ஒதுங்கி நின்றது. எதிர்வண்டி கடந்து செல்லும்வரை காத்திருந்தோம். மற்றவர்கள் தாமதத்தை நொந்துகொண்டனர். யான் கடிகாரத்தைப் பார்த்து, மனத்துள் அக்கணக்கை மறுபடி செய்துகொண்டிருந்தேன்.

இன்று என் பேரன் அதே பிழையைச் செய்கின்றான். அவனுக்கு யான் விதி சொல்வதில்லை. எழுந்து நடக்கச் சொல்கின்றேன்.