தாம்பரத்துக்கு அப்பால்

கத்திப்பாராவில் தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகப் போக, பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரம் ஊருக்கு ஊர் நீள்கிறது. ஆலந்தூர், மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை வரை கவலையில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் பின்னாலேயே அடுத்தது வந்துவிடும். பக்கத்திலேயே மின்சார ரயிலும் ஓடுகிறது, விமான நிலையம் வரை மெட்ரோவும் இருக்கிறது. தாம்பரத்தைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. இங்கே எல்லைகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சியானது. 2022-ல் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக, ஏறத்தாழ ஐந்து மடங்காக, விரிந்தது. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளோ மூவாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லை. எல்லைக்கோட்டை அரசாணையால் நகர்த்திவிடலாம். பேருந்தை நகர்த்த டீசலும் ஓட்டுநரும் நடத்துநரும் வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும். நம் புறநகர்ப் போக்குவரத்தின் குறை இந்த அன்றாடச் செலவில்தான் இருக்கிறது. கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, பேருந்தின் நடைக்குக் கிடைப்பதில்லை.

வண்டலூரைத் தாண்டி வரும் கிளாம்பாக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். சுமார் 88 ஏக்கரில், ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் எழுந்த பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கோயம்பேட்டின் நெரிசலையும், பண்டிகைக்கு முந்தின இரவுகளில் பெருங்களத்தூரில் நின்றுபோகும் வாகன வரிசையையும் நினைத்தால், வெளியூர்ப் பேருந்துகளை நகரத்துக்கு வெளியே நிறுத்தும் முடிவு சரியானதே. ஆனால் முனையம் திறந்தபோது அதற்கென ரயில் நிலையம் இல்லை. விமான நிலையத்திலிருந்து வரவேண்டிய சுமார் 15 கிலோமீட்டர் மெட்ரோ தாளில்தான் இருந்தது. திருச்சியிலிருந்து விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு இறங்கும் குடும்பம் ராயபுரத்துக்கோ அம்பத்தூருக்கோ போக நம்பியிருந்தது மாநகரப் பேருந்தை மட்டும்தான். பிறகு பிரதான சாலையில் வண்டிகள் கூடின. கவனமும் பணமும் வந்தால் பேருந்தும் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. சாலையை விட்டு இரண்டு பக்கமும் விலகிப் போனால் அந்தக் கவனம் மறைந்துவிடுகிறது. மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம். கிழக்கே நெடுங்குன்றம், மாம்பாக்கம், நெல்லிக்குப்பம். வீட்டுமனைகள் விற்றுத் தீர்ந்த இந்த ஊர்களில் ஒரு நடை ரத்தானால் அடுத்த வண்டி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோ அந்த நிச்சயமின்மையில்தான் பிழைக்கிறது.

பணம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதை ஈடுகட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய தொகை மட்டும் 3,600 கோடி ரூபாய். இது செலவழிக்க வேண்டிய பணம்தான். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்ணின் மாதக் கணக்கில் நேராகச் சேரும் பணம். ஆனால் ஏறியவருக்குத்தான் இந்த ஈட்டுத்தொகை. வராத வண்டிக்காக நின்றவர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஊரப்பாக்கம் நிறுத்தத்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நிற்கிறார் என்று வையுங்கள். சொகுசுப் பேருந்து வந்து நிற்கிறது. பலகையைப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்குகிறார். அடுத்ததும் அதுவே. சாதாரணக் கட்டணத்துக்கான வெள்ளை போர்டு வரும்வரை அவருக்கு அந்தச் சலுகை இல்லை. பேருந்தே ஓடாத வழித்தடத்தில் இலவசப் பயணம் என்பதற்குப் பொருளும் இல்லை. ஆகவே மானியத்தில் ஒரு பங்கையாவது ஓடிய கிலோமீட்டருக்கும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் நேரம் தவறாமல் ஓடுவதற்கும் கட்டிவைக்க வேண்டும்.

இணையாக ரயில் ஓடும்போது பேருந்துக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. இந்தப் புறநகரையே உருவாக்கியது அதுதான். ஆனால் ரயில் ஒரே கோட்டில் போகிறது, மக்கள் அந்தக் கோட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறார்கள். நாளை மெட்ரோ வந்தாலும் நிலையத்துக்கு வந்து சேர அவர்களுக்குப் பேருந்துதான் வேண்டும். பேருந்தின் நட்டத்தைச் சொல்வோருக்கு இரும்புலியூர்–வண்டலூர் எட்டு வழிச் சாலையையே காட்டலாம். அதை அகலப்படுத்தியதில் எவ்வளவு வசூல் என்று எவரும் கேட்டதில்லை. சாலை பொதுத்தேவை என்று ஏற்றுக்கொண்டோம். 2018-க்குப் பிறகு பேருந்துக் கட்டணமும் உயரவில்லை. அது சரியான முடிவுதான். அப்படியென்றால் விடுபட்ட வருவாயைக் கருவூலம் தர வேண்டும், டிப்போ நடைகளைக் குறைத்துச் சரிக்கட்டக் கூடாது. இன்னொரு கேள்வி தனியார் பற்றியது. உலக வங்கித் துணையோடு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் 625 மின்சாரப் பேருந்துகள் திட்டமிடப்பட்டு, 2025 ஜூன் 30 அன்று முதல் 120 ஓடத் தொடங்கின. அவற்றின் ஓட்டுநர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் நிரந்தர வேலை கரைந்துபோகும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஊதியத்தையும் ஓய்வு நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். ஆனால் ஓடிய தூரத்துக்குப் பணம் என்ற முறை எனக்குச் சரியாகப்படுகிறது. கூட்டத்தைப் பார்த்து வழித்தடம் பொறுக்கும் வேலை அதில் ஓட்டுபவருக்கு இல்லை. எங்கே, எத்தனை நடை என்பதை அரசு முடிவு செய்யலாம். அரசுக் கழகத்தின் சொந்த வண்டிகளுக்கும் இதே கணக்கில் பணம் தந்தால் நெல்லிக்குப்பத்து நடை நட்டக் கணக்காகாது, ஒப்படைத்த வேலையாகும்.

இதையெல்லாம் ஓரிடத்தில் தீர்மானிக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் வந்தது 2010-ல். குழுமம் உண்மையாக இயங்கத் தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2025 செப்டம்பரில் அது கொண்டுவந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே சீட்டு எடுக்கலாம். சீட்டு ஒன்றானதுபோல நேர அட்டவணையும் ஒன்றாக வேண்டும். கூடுவாஞ்சேரியில் ரயில் விட்டு இறங்குபவருக்கு, நெல்லிக்குப்பம் சாலையில் போகும் பேருந்து வாசலில் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பிப் போயிருந்தால் ஒரே சீட்டால் அவருக்குப் பயனில்லை. பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று சாலை போகப் போக கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் வருகின்றன. பெரிய ஆலைகள் தங்கள் ஷிப்டுக்குத் தாங்களே வண்டி விடுகின்றன. அந்த ஆலைகளின் கேண்டீனிலும் காவலிலும் துப்புரவிலும் வேலை செய்து இரவு பத்து மணிக்கு வெளியே வருபவர்களில் பலருக்கு அந்த வண்டியில் இடமில்லை. அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு நடந்து வந்து, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் 500-க்காகக் கை நீட்டுகிறார்கள். வழித்தடத்தின் தென்முனையில், செங்கல்பட்டில், அந்த வண்டி திரும்பி நிற்கிறது. இன்னொரு நடை உண்டா என்று படியில் கால் வைத்தபடியே நடத்துநரிடம் கேட்கிறார்கள்.