சிங்க்ல கொட்டின வெளிச்சம்

"ஓஎல்இடின்னா என்னப்பா?"ன்னு மகள் கேட்டாள். தேடிப் படிச்சப்போ பக்குன்னு ஆயிடுச்சு மக்களே.

எம்.எஸ்சி. லேப்ல, அலுமினியத்தை அளக்க ஆக்சின் கரைசல் ஊத்துவோம். ஒரு அலுமினியத்தை மூணு ஆக்சின் கவ்விப் பிடிச்சு, மஞ்சளா வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டுட்டு சிங்க்ல கொட்டிடுவேன். (எடை உதைச்சா பக்கத்துப் பையன் நோட்டுலேர்ந்து ரெண்டு மில்லிகிராம் கடன். ஹிஹி)

அதே சேர்மத்தைத்தான் 1987-ல் கோடாக்கின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் மெல்லிய படலமாக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் பச்சையாக ஒளிர வைத்தார்கள். இன்றைய ஓஎல்இடி திரைகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நான் லேப்புக்குப் போனது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு. வாத்தியாரும் சொல்லலை, நானும் கேக்கலை. புற ஊதா விளக்குல காட்டியிருந்தாலே மினுங்கியிருக்கும். விளக்கு பக்கத்து மேசைலதான் இருந்துச்சு.