பெயரை மட்டும் மாற்றினேன்

ஒருவர் என்னை நம்பிச் சொன்ன விஷயத்தைப் பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு வகுப்பறையில் வாசித்தேன். அது ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. பழி வேறொருவர் மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அவர் என்னதான் சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன வேலை, ராஜபாளையத்துக்காரரா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரா, எதையும் சொல்லமாட்டேன். கதை சொல்ல வந்தவன் கதையையே விட்டுவிட்டானே என்று தோன்றலாம். ஒரு முறை சொல்லியாகிவிட்டது. இன்னொரு முறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் சேர்ந்தது ஒரு சமுதாயக் கல்லூரியில், கவுன்சிலிங் சைக்காலஜி டிப்ளமோ. சனி, ஞாயிறு வகுப்பு. சமுதாயக் கல்லூரி என்றால் பெரிய வளாகம், மரநிழல் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கிவைத்தது இந்த ஏற்பாடு. சேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் போன்றவர்கள் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். 2002-ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல ஊர்களில் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவதுதான் நோக்கம். நல்ல நோக்கம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தையல், நர்சிங் உதவியாளர், ஏசி மெக்கானிக் என்று போகிற வரிசையில் எங்கள் டிப்ளமோவும் இருந்தது. ஏசி மெக்கானிக் படிக்கிற பையனுக்குப் பிரித்துப் பழக ஒரு பழைய ஏசியைக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுக்க அப்படி எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து மனிதர்கள்தான்.

வகுப்பில் அங்கன்வாடி ஊழியர்கள் இருந்தார்கள், ஒரு விடுதிக் காப்பாளர், மில்லில் தொழிலாளர் நலன் பார்க்கிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டு பேர். அவர்களெல்லாம் தங்கள் வேலைக்கு உதவும் என்று வந்தவர்கள். நான் வந்தது பேருக்காக. "சைக்காலஜி படிக்கிறாராம்" என்று நாலு பேர் சொன்னால் கிடைக்கிற மரியாதைக்காக. டீக்கடையில் "மனசுல இருக்கறதப் படிச்சிருவீகளாமே?" என்று யாராவது கேட்டால், இல்லை, அப்படியெல்லாம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பேன். சில நாள் வித்தையும் காட்டியிருக்கிறேன். "வெளியில தைரியமா இருக்கீங்க, உள்ளுக்குள்ள ஒரு கவலை அரிச்சிக்கிட்டே இருக்கு" என்பேன். எதிரே இருப்பவர் அப்படியே அசந்துபோவார். அதில் என் திறமை ஒன்றும் இல்லை. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் 'உன் குணநலன் இது' என்று ஒரே தாளைக் கொடுத்தார். சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சேர்த்த வரிகள். எல்லோரும் தங்களுக்கென்றே எழுதியது என்று நம்பினார்கள், 5-க்கு சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள். இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எச்சரிக்கையாகியிருக்க வேண்டியவன், அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

அந்தப் பேரை நம்பித்தான் அவர் வந்தார். "தம்பி, யார்கிட்டயும் சொல்லீறாத" என்று ஆரம்பித்தார். இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். அந்த இன்னொருவர் அவருக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அரைகுறைப் படிப்பாளி ஒருவனிடம் ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். ராஜபாளையத்தில் மனநல டாக்டரைப் பார்க்கப் போனால், போகிற வழியிலேயே சொந்தக்காரர் நாலு பேர் "எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாம். ஆனால் மதுரை வண்டியில் ஏறினாலும் அதே கேள்விதான். என்னிடம் வந்து உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

டிப்ளமோவுக்குக் கேஸ் ஸ்டடி எழுதி ரெக்கார்டு நோட்டில் வைக்க வேண்டும். பலர் கற்பனையாகவே எழுதினார்கள். அது தவறுதான், ஆனால் யாருக்கும் காயமில்லாத தவறு. என்னிடம் அசல் இருந்தது. எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை, வகுப்பில் வாசிக்க நானே கை தூக்கினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். வயதில் இரண்டு கூட்டினேன். வாசித்து முடித்தபோது வகுப்பே அமைதியாக இருந்தது. பாடம் எடுத்தவர் "இதுதான் கேஸ் ஸ்டடி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வாங்கத்தான் அத்தனையும்.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம் என்பது எவ்வளவு பழைய மயக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1895-ல் வியன்னா மருத்துவர்கள் பிராயரும் ஃப்ராய்டும் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் முதலில் வருகிற பெண் 'அன்னா ஓ.' உண்மையில் அவர் பெர்த்தா பாப்பன்ஹெய்ம். பி, பி என்ற அவருடைய முதலெழுத்துகளை ஆங்கில நெடுங்கணக்கில் ஆளுக்கு ஓரெழுத்து பின்னால் தள்ளினால் ஏ, ஓ. அவ்வளவுதான் அந்த மறைப்பு. பின்னாளில் அவர் யூதப் பெண்களுக்காக ஓர் அமைப்பையே தொடங்கி நடத்தியவர். தன் நோய்க்காலம் பற்றிப் பேசாமலே 1936-ல் இறந்தார். 1953-ல் ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் அவர் பெயரைப் போட்டு உடைத்தார். இன்று அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் செய்த வேலையைவிட அந்த நோயைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

வியன்னாவிலேயே அந்தக் கதி என்றால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் என்ன ஆகும்? பஸ்ஸில் அரை மணி நேரம். இங்கே ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் கடைசியாகத்தான் தேவைப்படும். எந்த மில், எந்த ஷிப்ட், ரிங் ஃபிரேமா கோன் வைண்டிங்கா, இல்லை சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியா என்று கேட்டால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் தேரடிக்கு எந்தப் பக்கம் வீடு, கோர்ட்டில் வேலையா, பால்கோவாக் கடையா என்று கேட்பார்கள். மூன்று பதில் கிடைத்தால் தாத்தா பெயர் வரை போய்விடலாம். நான் மாற்றாமல் விட்டது ஒரே ஒரு வரி. உயிரோட்டமாக இருக்கிறது என்று விட்டேன். வகுப்பில் இருந்த ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். "இது நம்ம இன்னார்தானே?" என்று வீட்டில் கேட்டிருப்பார்.

கொஞ்ச நாளில் அது சுற்றிக்கொண்டு அவர் காதுக்கே வந்தது. அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. படித்தவன், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். மிச்சம் இருந்தது அந்தக் கூட்டாளி ஒருவர்தான். முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். கூட்டாளி சத்தியம் செய்து மறுத்திருக்கிறார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு குடும்பத்துக்குள்ளும் நின்றது.

இதுவரை சொன்னதை ஆர்வக்கோளாறு என்று யாராவது மன்னிக்கலாம். அடுத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. கூட்டாளி துரோகம் செய்துவிட்டதாக நினைத்த அவர், அந்த வேதனையைச் சொல்லி ஆற வந்தது என்னிடம்தான். நான் கவுன்சிலிங் செய்தேன். எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, வகுப்பில் பழகியபடி அவர் வார்த்தைகளையே திருப்பிச் சொன்னேன். "ரொம்ப நம்புன ஒருத்தர் கைவிட்ட மாதிரி இருக்கு, இல்லையா?" என்று கேட்டேன். அவர் அழுதார். "நீயாவது இருக்கியே தம்பி" என்றார். அந்த இடத்தில்கூட நான் சொல்லவில்லை.

கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எங்களுக்குப் பாடம். ஆலோசகருக்கு மூன்று குணங்கள் வேண்டும் என்று அதிலிருந்து மனப்பாடம் செய்தோம்: எதிராளியின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது. மூன்றாவதைப் பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதினேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. அதையும் படித்தேன், வேறு காரணத்துக்காக. டாக்டர்களுக்கும் நிபுணர்களுக்கும்தானே அது, என்னைப் போன்ற மாணவனைக் கட்டுமா என்று ஓட்டை தேடித்தான் படித்தேன்.

டிப்ளமோ கிடைத்தது, நல்ல மதிப்பெண்ணோடு. அதை வைத்துக்கொண்டு 'மனநல ஆலோசகர்' என்று போர்டு மாட்டியிருந்தால் எங்கள் ஊரில் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ளத்தான் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். ஆலோசகர் என்ற சொல்லுக்கு அப்போது அப்படி ஒரு காவல் இல்லை. தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் உத்தரவு போட்டபோது, ஏழை எளியவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நண்பர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என்னால் அவர்களோடு சேர்ந்து கோபப்பட முடியவில்லை. அதே சமயம் எனக்கு நேரில் ஆள் வந்துதான் பாடம் எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரகசியம் காப்பது பற்றி முழுதாக ஒரு வகுப்பே நடந்தது. குறிப்பும் எடுத்தேன்.

நான் போர்டு மாட்டவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது, பயம்தான் காரணம். இப்போது வேறு வேலை பார்க்கிறேன். அந்த இருவரும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் பின்னால் போய்விடுகிறார். நான் இரண்டு பேரிடமும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன், தெரியுமா? இரண்டு பேரும் என்னை நல்லவன் என்றுதான் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் பழைய காயம் கிளறப்படும், அவர்கள் நன்மைக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். விஷயம் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், வெளியே சொன்னது நான் என்பது. அவர்கள் வீட்டுப் படியேறிச் சொல்ல வேண்டியதை, அவர்கள் படிக்கவே வாய்ப்பில்லாத ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். அதிலும் என் பெயரைப் போடவில்லை.