டிரைவர் இல்லாத ரயிலில் அப்பா!

டூர்ல கடைசி நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? பாதிப் பேர் ஷாப்பிங், மீதிப் பேர் பெட்டியை மூட முடியாம அது மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பாங்க. நாங்க சிங்கப்பூர் போனப்பவும் அதே கதைதான். நாலு நாள் டூர் வேன்ல மெர்லயன், செந்தோசான்னு சுத்தியாச்சு. அஞ்சாவது நாள் ஞாயிறு, 'ஃப்ரீ டே'. ராத்திரிதான் ஃப்ளைட்.

அம்மாவுக்கு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் கோடாலி தைலம் வாங்கணும். தம்பிக்கு சாங்கி ஜுவல் மால்ல இருக்கிற 40 மீட்டர் அருவியைப் பார்க்கணும். அப்பா மட்டும், "எனக்கு ஒரு ரயில்ல போகணும், அவ்வளவுதான்"னார்.

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி, 1998-ல இருந்து 2002 வரை சிங்கப்பூர்ல இருந்தவர். ஏஜென்ட்டுக்காக வாங்கின கடன், அத்தை கல்யாணம், எங்க வீட்டுக்கு மாடி... எல்லாமே அந்த வெள்ளியிலதான். என்ன வேலை பார்த்தீங்கன்னு எப்போ கேட்டாலும் ஒரே பதில்தான்: "கட்டட வேலை."

லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல ஏறினோம். ஊதா கலர் 'நார்த் ஈஸ்ட் லைன்'. முழுக்க பூமிக்கு அடியிலயே ஓடுது, டிரைவரே கிடையாது. அதனால முதல் பெட்டியில முன்பக்கக் கண்ணாடி வழியா சுரங்கத்தையே பார்க்கலாம். தம்பியைக்கூட நகர்த்திட்டு அப்பா அங்கே போய் நின்னுக்கிட்டார்!

ஃபேரர் பார்க், பூன் கெங்... போத்தோங் பாசிர் வர்றதுக்குள்ள அப்பா கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடம்தான். மெஷின் மண்ணைக் குடைஞ்சிட்டுக் கொஞ்சம் முன்னால போகும். பின்னாடியே நாங்க கான்கிரீட் துண்டுகளை வளையமா சேர்த்து போல்ட் போடணும். ஒரு வளையம் முடிஞ்சாத்தான் அடுத்தது."

இந்த லைன் திறந்தது 2003 ஜூன்ல. அப்பா ஊர் திரும்பினது அதுக்கு முந்தின வருஷம். தான் போல்ட் போட்ட சுரங்கத்துல ரயில் ஓடி அவர் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு வருஷமா எங்கிட்டகூட சொல்லலையே?"ன்னாங்க அம்மா.

"கட்டடம்னா மேல. சுரங்கம்னு சொல்லியிருந்தா எங்கம்மா நாலு வருஷமும் தூங்கியிருக்காது. அப்படியே பழகிப்போச்சு."

அப்புறம் யாரும் எதுவும் பேசலை. 2024 டிசம்பர்ல புதுசா சேர்த்த புங்கோல் கோஸ்ட் ஸ்டேஷன் வரைக்கும் போய், அதே ரயில்ல திரும்பி வந்தோம். வர்றப்பவும் அப்பா நின்னுக்கிட்டேதான் வந்தார்.

சாயங்காலம் சிராங்கூன் ரோடு. ஞாயித்துக்கிழமைன்னா நம்ம ஊர் திருவிழா மாதிரி கூட்டம். வேலை பார்க்கிற பசங்க அங்கங்க உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால்ல பேசிட்டிருந்தாங்க. டீக்கடையில பக்கத்துல நின்ன ஒருத்தருக்கு பட்டுக்கோட்டை. என்னைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம்.

"என்ன வேலை தம்பி?"

"டனல் வேலைண்ணே. கிராஸ் ஐலண்ட் லைன். முதல் கட்டம் 2030-ல ஓடுமாம். அதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடுவேன்."

"வீட்ல தெரியுமா?"

பையன் சிரிச்சான். "கட்டட வேலைன்னு சொல்லியிருக்கேன்."

அப்பா சிரிக்கலை. டீக்குக் காசு கொடுத்துட்டு அவன் தோள்ல கை வெச்சார். "உங்க அம்மாகிட்ட சொல்லிடு தம்பி. ரயில் ஓட ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வந்து ஏத்திக் காட்டு. நான் கூட்டிட்டு வரணும்னு நினைச்சப்போ எங்கம்மா இல்லை."

ஃப்ரெண்ட்ஸ், சென்னை மெட்ரோவோ சிங்கப்பூரோ, சுரங்கத்துக்குள்ள போறப்ப வெளிய வெறும் இருட்டுதானேன்னு மொபைல்ல மூழ்கிடாதீங்க. ஒரு ஸ்டேஷன் தூரமாவது தலையைத் தூக்கிப் பாருங்க. முடிஞ்சா வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட, "அந்தக் காலத்துல என்ன வேலைப்பா பார்த்தீங்க?"ன்னு இன்னொரு தடவை கேளுங்க!